பதினான்கு ஆள் பாரம்

உசிலம்பட்டி
4-7-1944

அமீருன்னிசா அக்காவுக்கு, தம்பி முகம்மது கனி ஸலாம் சொல்லி எழுதுவது.

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். அம்மா மௌத்தான அன்று உன்னை வாசலில் நிறுத்தி வைத்து நான் சொன்னது எதையும் மறக்கவில்லை. அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை. நீயும் பதிலில் அதை எடுக்காதே.

உசிலம்பட்டிக்கும் தேனிக்கும் பஸ் ஓட்டுகிறேன். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து கரி வண்டிதான். பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு. அதில் கரியைப் போட்டு எரித்து, வருகிற புகையில் எஞ்சின் ஓடுகிறது. இழுவை குறைவு. அது பழகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேனியிலிருந்து திரும்பும்போது, கணவாய் இறக்கத்தில் மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. முழுக் காலையும் ஊன்றி மிதித்தேன். அப்படியும் போய் ஓரத்துக் கல்லில் இடித்துத்தான் நின்றது. கல் பெயர்ந்து கீழே உருளுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. உள்ளே நாற்பத்தொரு பேர்.

கண்டக்டர் சுடலை சிரித்துக்கொண்டே, "என்னண்ணே, கண்ணசந்துட்டீகளா?" என்றான். ஊருக்கு வந்து பிரேக்கைப் பிரித்துப் பார்த்தோம். புதுக் கட்டை, நன்றாக இருக்கிறது. முதலாளி, "வண்டி நல்லாத்தான இருக்கு கனி. ஒனக்குத்தான் வயசாகுது" என்றார்.

அக்கா, அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. தை மாதம் காய்ச்சலில் இருபது நாள் கிடந்தேன். அதிலிருந்து வலது கால் அவ்வப்போது மரத்துப்போகிறது. யாருக்கும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி மைதீன் பீவிக்கும் தெரியாது. டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும்.

தள்ளுவது, இழுப்பது எல்லாவற்றுக்கும் நீ காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாயாமே. ஒரு மனுஷனின் காலில் பலம் இருக்கிறதா, போய்விட்டதா என்று உன் கணக்கில் தெரியுமா?

கனி


மதுரை
6-7-1944

அன்புள்ள தம்பி கனிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

எடுக்காதே என்று நீ சொன்னதை நான் எடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவுக்கு அபாயம் என்று தந்தி வந்தபோது பிராக்டிகல் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று தந்தியை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அம்மா போனார்கள். ஆகவே இந்தத் தடவை ஒரு நாளும் தள்ளிப்போடவில்லை. இன்றே எழுதுகிறேன்.

முதலில், வண்டி ஓட்டாதே. நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். அப்படியானால் நான் சொல்வதைச் செய்.

இத்துடன் பார்சலில் விநாடி அளக்கிற நிறுத்து கடிகாரம் ஒன்று வருகிறது. பரிசோதனைச் சாலையிலிருந்து யாரையும் கேட்காமல் எடுத்திருக்கிறேன். உடைத்துவிடாதே.

ஊருக்கு வெளியே மேடுபள்ளம் இல்லாத சாலையில் இருநூறு அடி அளந்து இரண்டு கல் வை. முதல் கல்லில் வண்டியை நிறுத்தி, செகண்ட் கியரில் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துப் போ. இரண்டாவது கல் வரை எத்தனை விநாடி என்று குறி. பிறகு மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில் வந்து பிரேக்கை முழுப் பலத்தோடு மிதி. எத்தனை அடியில் நிற்கிறது என்று அள. காலி வண்டியில் ஒரு முறை, இருபது பேரோடு ஒரு முறை, நாற்பது பேரோடு ஒரு முறை. காலையில் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் தனித்தனியாக. சாலையில் கண்ணுக்குத் தெரியாத சரிவு இருக்கலாம். ஆகவே காலி வண்டியை இரண்டு திசையிலும் ஓட்டிப் பார். வண்டியின் எடை பக்கத்தில் எழுதியிருக்குமே, அதையும் எழுது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வந்த எண்ணை அப்படியே எழுது. நல்லதாகத் தெரிய வேண்டும் என்று அரை அடிகூடக் குறைக்காதே. உன் கால் போய்விட்டது என்றுதான் அந்த எண் சொல்லும் என்றாலும்.

அக்கா
அமீருன்னிசா


உசிலம்பட்டி
13-7-1944

அக்காவுக்கு ஸலாம்.

கடிகாரம் பத்திரமாக இருக்கிறது. ஆறு நாள் அளந்தேன். பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு நான்தான் இப்போது வேடிக்கை. தினமும் கீரைக்கூடையோடு வரும் சீனியம்மாள், நான் பிரேக் போட்டதில் முன்சீட்டில் முட்டிக்கொண்டு, "ஏலே டிரைவரு, கீரை விக்கப் போறவள மசியலாக்கிருவ போலருக்கே!" என்று சத்தம் போட்டாள். வண்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். உள்ளே எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

சுடலைக்கு இது பிடிக்கவில்லை. "எதுக்குண்ணே இம்புட்டு அளவு? ரோடு போடப் போறீகளா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பிரேக்குக்காக என்றேன். "பேசாம ஆறு மாசம் வீட்ல இருங்கண்ணே. மொதலாளிகிட்ட நான் சொல்லுதேன்" என்றான். என்மேல் இருக்கிற பிரியத்தில் சொல்கிறான். அதுதான் எனக்கு இன்னும் பயம். பக்கத்தில் இருக்கிறவனுக்கே என் கால் தெரிய ஆரம்பித்துவிட்டது.

எண்கள் இவை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்து நடுவானதை எழுதியிருக்கிறேன்.

காலி வண்டி, இரண்டு திசையிலும் ஒன்றே: பதினாறே கால் விநாடி. நின்றது முப்பது அடியில்.
போகும்போது இருபது பேர்: பத்தொன்பது விநாடி. நாற்பது அடி.
போகும்போது நாற்பது பேர்: இருபத்தொரு விநாடி. ஐம்பது அடி.
திரும்பும்போது இருபது பேர்: இருபதரை விநாடி. நாற்பத்தேழு அடி.
திரும்பும்போது நாற்பது பேர்: இருபத்திரண்டரை விநாடி. ஐம்பத்தேழு அடி.

வண்டியின் எடை கரி அடுப்போடு சேர்த்து அறுபத்து நாலு ஹண்டர்வெயிட்.

அக்கா, எனக்குப் படிப்பு இல்லை. ஆனாலும் இது தெரிகிறது. காலையில் நாற்பதடியில் நிற்கிற வண்டி சாயங்காலம் நாற்பத்தேழு அடி போகிறது. ஆட்கள் அதே இருபது. சாயங்காலம் ஆக ஆக என் கால் தளர்கிறது. அப்படித்தானே? மறைக்காமல் எழுது. குறைக்காதே என்று எனக்குச் சொன்னாயே, நீயும் குறைக்காதே.

கனி


மதுரை
15-7-1944

தம்பி கனிக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் கால் நன்றாக இருக்கிறது. இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி. பிறகு மீதியைத் தனியாக இருக்கும்போது படி.

ஒரு ஹண்டர்வெயிட் நூற்றுப் பன்னிரண்டு ராத்தல்; ஒரு ஆளுக்கு நூற்றிருபது ராத்தல் என்று வைத்தேன். உன் வண்டி காலியாகவே அறுபது ஆள் எடை. இருபது பேர் ஏறினால் எண்பது, நாற்பது பேர் ஏறினால் நூறு. நீ அனுப்பிய விநாடிகளிலிருந்தும் அடிகளிலிருந்தும் வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது, குறைகிறது என்று கணக்கிட்டேன். அதை முடுக்கம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே விசையால் தள்ளினால், நிறை கூடக்கூட முடுக்கம் குறையும். கிராப் தாளில் நிறையை அப்படியே குறிக்காமல், ஒன்றை நிறையால் வகுத்துக் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சாய்வுதான் விசை.

எஞ்சினுக்கு ஒரு கோடு, பிரேக்குக்கு ஒரு கோடு போட்டேன். காலைப் பயணத்தின் புள்ளிகள் எல்லாம் கோட்டின்மேல் உட்கார்ந்துவிட்டன. சாயங்காலப் புள்ளிகள் மட்டும் இரண்டு கோட்டுக்கும் கீழே விழுந்தன.

இப்போது யோசி. உன் கால் தளர்ந்தால் பிரேக் புள்ளி கீழே விழும். சரி. எஞ்சின் புள்ளி ஏன் விழ வேண்டும்? ஆக்ஸிலேட்டரை மிதிக்கப் பலம் வேண்டாம். கரிப்புகை குறைந்திருந்தால் எஞ்சின் புள்ளி விழும்; பிரேக் ஏன் விழ வேண்டும்? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு விசையும் ஒரே அளவில் குறையுமா? குறைந்தது விசை இல்லை. கூடியது நிறை.

கோட்டிலிருந்து திரும்பிப் படித்தேன். நாற்பத்தேழு அடி தொண்ணூற்று நாலு ஆளைக் காட்டுகிறது. ஐம்பத்தேழு அடி நூற்றுப் பதினாலு. எஞ்சின் புள்ளிகளும் அதேதான், சற்று முன்பின். நாலு புள்ளியும் பதினாலு என்கின்றன. நீ எண்ணாத பதினாலு ஆள் எடை தினமும் சாயங்காலம் உன் வண்டியில் வருகிறது.

வகுப்பில் நாலு புள்ளி இப்படி ஒத்துப்போனால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நேற்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இதை அனுப்பலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். மறுபடி தள்ளிப்போடுகிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் இந்த முறை காரணம் வேறு. என்ன பாரம் என்று எனக்குத் தெரியாது. மறைத்து ஏற்றுகிறார்கள் என்றால் நல்லதாக இருக்காது. இதுவரை உனக்கு ஒன்றும் தெரியாது. அதுவே உனக்குக் காவல். இந்தக் கடிதத்தைப் படித்த நிமிஷத்திலிருந்து நீ தெரிந்தவன். நான்தான் உன்னைத் தெரிந்தவனாக்குகிறேன். அனுப்பாவிட்டால், கால் போய்விட்டது என்று நம்பிக்கொண்டே ஒரு நாள் அந்தக் கல் இருந்த இடத்தைத் தாண்டிவிடுவாய்.

படித்ததும் எரித்துவிடு. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற காலம்.

அக்கா


உசிலம்பட்டி
20-7-1944

அக்கா,

தேனியில் கரி மூட்டைகளை வண்டிக்கு மேலே ஏற்றுவார்கள். இங்கே ஷெட்டில் இறக்குவார்கள். கரி கனமில்லை என்று நான் அதைக் கணக்கிலேயே எடுத்ததில்லை. செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக எண்ணினேன். பதினாலு.

ஆண்டிபட்டியில் எல்லோரும் டீ குடிக்க இறங்கியபோது மேலே ஏறி ஒரு மூட்டையின் தையலைப் பிரித்தேன். மேலாக ஒரு சாண் கரி. அதற்குக் கீழே அரிசி.

பெர்மிட் இல்லாமல் அரிசி கடத்தினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். ரேஷன் கடையில் ஜனங்கள் அரைப்படிக்கு நிற்கிறார்கள்.

சுடலையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரிய வேணாம்னுதாண்ணே. தெரியாதவன போலீஸ் என்ன செய்யும்?"

"அதுக்கு என் காலு போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னியேடா."

"வேற என்னத்தச் சொல்லச் சொல்லுதீக?"

ஆறு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். தெரிந்த பிறகும் செவ்வாய்க்கிழமை அந்த வண்டியை ஓட்டி வந்தேன். நேற்றும் ஓட்டினேன். பயத்தில் ஓட்டினேன். முதலாளி ஷெட்டில் என் தோளில் கை போட்டு, "ஞாயித்துக்கெழம இருவது மூட்டை கனி. பாத்து வா" என்றார். சுடலை சொல்லிவிட்டான் போல. அன்றைக்கு ஆண்டிபட்டியில் இரண்டு கல்யாணம். ஐம்பது பேருக்குக் குறையாமல் ஏறுவார்கள்.

வரமாட்டேன் என்றால் அரிசியை ஏற்றியதே நான் என்று சொல்லிவிடுவார்கள். போனால் இறக்கம் இருக்கிறது. மைதீன் பீவி என் முகத்தைப் பார்த்து, காய்ச்சலா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

என்ன செய்ய?

கனி


மதுரை
21-7-1944

கனி,

இதை ரயில் தபாலில் போட ஓடுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

அன்று கல்லில் இடித்து நின்ற வண்டி நூற்றுப் பதினைந்து ஆள். ஞாயிற்றுக்கிழமை நூற்று முப்பது ஆகும். கோட்டை நீட்டிப் பார்த்தேன். கல் இருந்தாலும் நிற்காது.

சட்டம் எனக்குத் தெரியாது. போலீஸுக்குப் போ என்று எழுத மூன்று தடவை ஆரம்பித்தேன். உன்னை உள்ளே வைத்துவிடுவார்களே என்று கை ஓடவில்லை. போகாதே என்று எழுதவும் மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த ஐம்பது பேரை வைத்துக்கொண்டு கணவாயில் இறங்காதே. ஆட்கள் இல்லாமல் மூட்டை மட்டும் என்றால் எண்பது ஆள். அது நிற்கும். அதற்கு நான் பொறுப்பு.

அக்கா


உசிலம்பட்டி, போலீஸ் ஸ்டேஷன்
26-7-1944

அக்காவுக்கு ஸலாம். இந்தக் கடிதத்தை இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்து மூன்று பேர். கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லோரும் இறங்கி நடந்து வாருங்கள் என்றேன். அந்தக் கூச்சலை உனக்கு எழுத முடியாது. கல்யாணப் பட்டுச்சேலையோடு இருந்த பெண்கள், "நடக்குறதுக்கா சீட்டு எடுத்தோம்?" என்றார்கள். ஒரு ஆள், "டிரைவருக்குக் காத்து கருப்பு அடிச்சிருச்சுப்பா" என்றான். சீனியம்மாள்தான் முதலில் கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள். "வாங்க தாயி. இவன் மொகத்தப் பாத்தா எனக்கு வண்டில இருக்கத் தோணல" என்று இறங்கினாள். அவள் பின்னாலேயே மற்றவர்கள்.

சுடலை ஸ்டியரிங் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அழுகிற குரல்.

"அண்ணே, கூட்டம் இருந்தாத்தான் கீழ செக்போஸ்ட்ல கையக் காட்டி விடுவான். காலி வண்டியப் பாத்தா மேல ஏறிப் பாப்பாண்ணே. இம்புட்டு நாளும் இந்த சனங்களாலதான தப்பிச்சோம்!"

அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. நீயும் எழுதவில்லை. ஆட்களை இறக்கினால் வளைவில் தப்பலாம், செக்போஸ்டில் மாட்டுவேன். ஏற்றிக்கொண்டால் செக்போஸ்டில் தப்பலாம். ஜனங்கள் அதற்குள் சாலையில் இறங்க ஆரம்பித்திருந்தார்கள். குழந்தைகள் முன்னால் ஓடின. கூப்பிட்டால் திரும்பி ஏறியிருப்பார்கள்.

கூப்பிடவில்லை. "நீயும் எறங்குடா" என்றேன். "போறேண்ணே" என்று இறங்கி, எதிர்த் திசையில் காட்டுக்குள் நடந்து போனான். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லையாம்.

கூட்டம் மூன்று வளைவையும் தாண்டும்வரை காத்திருந்துவிட்டுத் தனியாக இறங்கினேன். வாய் ஓதிக்கொண்டே இருந்தது. மூன்றாவது வளைவில் மிதித்தேன். கல் இருந்த இடத்துக்கு நாலு வண்டி நீளம் முன்னாலேயே நின்றுவிட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் கால்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறக்கம் முடிகிற இடத்திலேயே செக்போஸ்ட்; யாரையும் திரும்ப ஏற்றுமுன் ஒரு கான்ஸ்டபிள் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னப்பா, ஆளே இல்ல?" என்றார். அவர் பின்னால் போய் ஏணியில் கால் வைத்தார்.

மூட்டைகள் யாருடையவை என்றே தெரியாது என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை கோர்ட். நீ எரிக்கச் சொன்னவற்றை எரித்துவிட்டேன். மைதீன் பீவிக்கு யாரும் இல்லை.

கனி


மதுரை
28-7-1944

தம்பி கனிக்கு,

மைதீன் பீவி நேற்றிலிருந்து என்னோடு இருக்கிறாள். சாப்பிட்டாள். அதைப் பற்றிக் கவலைப்படாதே.

வக்கீலைப் பார்த்தேன்; இன்ஸ்பெக்டர் கண்ணில் படாமல் இந்தக் கடிதத்தை அவரே உன்னிடம் கொண்டுவந்து தருவார். நீ எனக்கு எழுதியவை எல்லாம் என்னிடம் இருக்கின்றன என்றதும் வாங்கிப் படித்தார். அடியும் விநாடியும் எழுதிய பதின்மூன்றாம் தேதிக் கடிதம் போதும் என்றார். பாரம் தெரிந்து ஏற்றியவன் ஆறு நாள் அதை அளந்து எழுதமாட்டான். நான் கூண்டில் ஏறி அந்த கிராப்பை விளக்கினால் மாஜிஸ்திரேட் நம்புவார் என்கிறார். பிறகு இருபதாம் தேதிக் கடிதத்தைத் தனியே எடுத்து என் பக்கம் தள்ளினார். "இது வேண்டாம்மா. இது இருக்குன்னு நீங்க சொல்லவும் வேண்டாம்" என்றார்.

தெரிந்த பிறகு இரண்டு நாள் ஓட்டினேன் என்று நீ எழுதியது அதில்தான் இருக்கிறது.

கேட்காவிட்டால் காட்டமாட்டேன், கனி. அந்த அளவுக்கு நான் கோழைதான். ஆனால் எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, "உங்க தம்பிக்கு எந்தத் தேதியில தெரியும்?" என்று கேட்டால், சத்தியம் செய்த வாயால் வேறு தேதி சொல்ல என்னால் ஆகாது. முயன்று பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. உன் கடைசிக் கடிதத்தை இன்ஸ்பெக்டர் படித்திருக்கிறார்; கேட்காமல் விடமாட்டார்கள் என்றும் தோன்றுகிறது.

என் கோடு இல்லாவிட்டால் உன் பேச்சை நம்ப ஒருவருமில்லை. நான் ஏறினால் அந்த இரண்டு நாளும் வெளியே வரும். அதற்குத் தண்டனை எவ்வளவு என்று கேட்டேன். அது மாஜிஸ்திரேட்டின் மனசைப் பொறுத்தது என்றார் வக்கீல்.

உன் வாழ்க்கை, நீ சொல். ஏறவேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு. வெளியே மைதீன் பீவியோடு நின்றுகொள்கிறேன். கார்டு வராவிட்டால் ஏறுகிறேன்.

நாளையும் திங்கட்கிழமையும் தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கதவருகே நிற்பேன். கார்டு வரவேண்டும் என்று நிற்கிறேனா, வரக்கூடாது என்றா, எனக்குத் தெரியவில்லை.

அக்கா
அமீருன்னிசா